விமானம் வந்த புதிதில் காட்டுத்தீயை வானிலிருந்து எப்படிக் கண்காணித்தார்கள்?

மேலே போனால் புகை தெரியும், அவ்வளவுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒட்டாவாவில் அக்கா வீட்டுக்குப் போனபோது அங்குள்ள விமான அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கும் வரை. புகையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. கண்டதைக் கீழே இருப்பவருக்குச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்திருக்கிறது.

1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். தீ சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் வனத்துறைக்கு வந்ததில் அந்தத் தீக்குப் பெரிய பங்கு உண்டு. 1915 ஜூன் கடைசியில் விஸ்கான்சினில் ஜாக் விலாஸ் என்பவர், மாநில வன அதிகாரியை ஏற்றிக்கொண்டு ஒரு கர்டிஸ் பறக்கும் படகில் (அடிப்பகுதி படகு போலவே இருக்கும், தண்ணீரில் இறங்கி எழும்பும் விமானம்) டிரவுட் ஏரியிலிருந்து எழும்பிக் காட்டைச் சுற்றிவந்தார். விமானத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்தியதில் அதையே முதல் என்று சொல்வார்கள்.

முறையான ரோந்து 1919 ஜூனில் கலிபோர்னியாவில் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்து விமானங்களும் விமானிகளும் சும்மா இருந்த நேரம். ராணுவம் விமானம் கொடுத்தது, வனத்துறை காட்டைக் காட்டியது. முதலில் பறந்தவை 90 குதிரைத்திறன் கொண்ட ‘ஜென்னி’ பயிற்சி விமானங்கள். சியரா மலைகளுக்கு அவை பாவம், போதவே இல்லை. பிறகு 400 குதிரைத்திறன் லிபர்ட்டி எஞ்சின் வைத்த டி ஹேவிலண்ட் விமானங்கள் வந்தன.

சரி, புகையைப் பார்த்தாயிற்று. அப்புறம்? மலை உச்சிக் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த காவலருக்கு ஒரு தொலைபேசியாவது இருந்தது. விமானிக்கு அதுவும் இல்லை. தீ இருக்கும் இடத்தைத் தாளில் எழுதி, சின்னப் பாராசூட்டில் கட்டி ஏதாவது ஊரின் மேல் போடுவார். யாராவது எடுத்து வன அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். இல்லையென்றால் தானே எங்காவது இறங்கிப் போன் தேட வேண்டும். தூதுப் புறாக்களையும் கூட்டிப் போயிருக்கிறார்கள்! விமானத்திலிருந்து புறாவைப் பறக்கவிடுவதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. வயர்லெஸ் வந்துதான் இந்தக் கூத்து குறைந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே பணத் தட்டுப்பாட்டில் ராணுவ ரோந்து சுருங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் இதில் கெட்டிக்காரர்கள் கனடாக்காரர்கள்தான். போரின்போது நோவா ஸ்கோஷியா கரையில் நீர்மூழ்கிக் கப்பல் தேட அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த எச்எஸ்-2எல் பறக்கும் படகுகளைப் போர் முடிந்ததும் கனடாவுக்கே விட்டுவிட்டுப் போனது. அதில் இரண்டு, கியூபெக்கின் செயின்ட் மொரீஸ் பள்ளத்தாக்கில் காடு காக்கும் சங்கத்துக்குக் கிடைத்தன. 1919 ஜூனில் ஸ்டூவர்ட் கிரஹாம் முதல் விமானத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். கூடவே ஒரு மெக்கானிக்கும், வழிகாட்ட மனைவி மேட்ஜும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. அதனால் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே கப்பி வைத்து ஒரு கொடிக்கயிறு கட்டினார்கள், துணி காயப்போடுகிற அதே மாதிரி. மேட்ஜ் சீட்டு எழுதிக் கயிற்றில் மாட்டி இழுத்துவிடுவார். தரைக்குச் சொல்வது இருக்கட்டும், ஒரே விமானத்துக்குள் சொல்வதற்கே இந்தப் பாடு!

அடுத்த மாதம் 7ஆம் தேதியே கிரஹாம் முதல் தீயைக் கண்டுபிடித்துவிட்டார்.

கெட்டிக்காரர்கள் என்றதற்குக் காரணம் ஏரிகள். அந்தக் காட்டில் எங்கே பார்த்தாலும் ஏரி. சேதி சொல்லிவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்காமல், விமானமே ஆளையும் பம்பையும் ஏற்றிக்கொண்டு தீக்குப் பக்கத்துத் தண்ணீரில் போய் இறங்கலாம். 1924இல் ஒன்டாரியோ மாகாணம் இதற்கென்றே சொந்த விமானப் பிரிவு தொடங்கியபோது வாங்கியதும் இதே எச்எஸ்-2எல்தான், 13 விமானங்கள். இத்தனைக்கும் அது நல்ல விமானம் என்று சொல்ல முடியாது. மர அடிப்பகுதி தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் கனத்துப் போகும். நீளமான ஏரியாக இல்லாவிட்டால் எழும்பவே எழும்பாது.

கிரஹாம் ஓட்டி வந்த அந்த விமானத்துக்குப் பின்னாளில் ‘லா விஜிலான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1922இல் ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஏரியில் விழுந்து மூழ்கியது. 1960களின் கடைசியில்தான் வெளியே எடுத்தார்கள். ஒட்டாவாவில் நான் பார்த்தது அதன் அடிப்பகுதியைத்தான். பலகைகள் கறுத்து, நம் ஊர்க் கரையில் கைவிட்ட பழைய தோணி மாதிரி இருந்தது. பலகையை எண்ணிக்கொண்டு நின்றதில் அக்கா இரண்டு முறை போன் செய்ததைக்கூடக் கவனிக்கவில்லை.