பெண் உறுப்புச் சிதைப்பை (சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கத்தை) உலகமே எதிர்க்கும்போது, அது நடக்கும் ஊர்ப் பெண்களே ஏன் அதை விடமாட்டேன் என்கிறார்கள்?

கேட்டவர் ஏதோ செமினாருக்குத் தயார் பண்றார் போல. நான் பேரணாம்பட்டு. முஸ்லிம்னு தெரிஞ்சதும் "உங்க ஆளுங்கள்லயும் இது உண்டாமே?"ன்னு கிளம்பி வர்றவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன்: எங்க தெருவுல, எங்க சொந்தத்துல யாரும் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்ல. போஹ்ராங்கிற முஸ்லிம் சமூகத்துல உண்டு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கு. ஆப்பிரிக்காவுல சில நாடுகள்ல கிறிஸ்தவங்களும் செய்றாங்க.

நான் பார்த்தது சவூதியில, லேபர் ரூம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தப்ப. சூடான் பொண்ணு ஒருத்தி வலியோட வந்தா. சின்ன வயசுலயே வெட்டித் தச்சிருக்காங்க. யூரின் ட்யூப் போடக்கூட வழியில்ல. டாக்டர் அந்தத் தையலைத் திறந்துதான் பிரசவம் பார்த்தாங்க. குழந்தையைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், "பழையபடி தச்சிடுங்க"ன்னு ஒரு குரல். புருஷன் இல்ல, பெத்த தாய்! டாக்டர் முடியவே முடியாதுன்னுட்டாங்க. மகளை மருமகன் தள்ளி வச்சிடுவானோன்னு அந்தம்மா வராண்டாவுல உட்கார்ந்து அழுதாங்க.

"இவளெல்லாம் தாயா"ன்னு டைப் பண்ணுறதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம நாட்டுல வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961ல. எங்க அக்கா கல்யாணத்துக்கு அம்மா வட்டிக்கு வாங்கிப் பவுன் போட்டாங்க. தப்புன்னு தெரியாமலா? போடலன்னா மாப்பிள்ளை வீடு திரும்பிக்கூடப் பார்க்காது.

வெளியில இருந்து அதட்டினா வீம்புதான் வரும். கென்யாவுல மேரு பகுதியில வெள்ளைக்காரங்க ஆட்சியில, 1956ல தடை போட்டாங்க. பொண்ணுங்க பிளேடு வாங்கி ஒருத்திக்கு ஒருத்தி வெட்டிக்கிட்டாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற காம்பியாவுல 2015லயே தடைச் சட்டம் வந்தாச்சு. 2023ல மூணு பெண்களுக்கு அபராதம் விழுந்தப்ப ஒரு இமாமே அதைக் கட்டினார். அடுத்த வருஷம் சட்டத்தையே எடுக்க மசோதா வந்தது, ஜூலையில தோத்தது.

"அப்போ சட்டமே வேணாங்கிறியா?"ன்னு கமெண்ட்ல வருவீங்க. அப்படிச் சொல்லல. என்கூட டியூட்டி பார்த்த சூடான் அக்காவுக்கு ஊர்ல ரெண்டு பொண்ணு. மூத்தவளை, அக்கா இல்லாத நேரமாப் பார்த்து மாமியார் கூட்டிட்டுப் போய் அந்தச் சடங்கை முடிச்சிட்டாங்க. 2020ல சூடான்ல இது குற்றம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு ஆச்சு. சின்னவ விஷயத்துல அக்கா ஐ.நா., மனித உரிமைன்னு எதுவும் பேசல. "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல மாமி, போலீஸ்காரங்கதான் உங்களைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க"ன்னு போன்ல சொல்லிட்டாங்க.