கேள்வி – பதில்: ஆய்வேடும் அயர்ச்சியும்

கேள்வி: டர்பனில் முதுகலை வரலாறு படிக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு (டர்பன் இருக்கும் பகுதி) ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் கப்பல் பட்டியல்களே என் ஆய்வுப்பொருள். பல மாதங்களாக உறக்கமில்லை. இதை எழுதி யாருக்கு என்ன பயன் என்ற எண்ணமும் விடுவதில்லை. என்ன செய்வது?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: உறக்கம் கெட்டவருக்கு எந்த வேலையும் வீண் என்றே தோன்றும் என்பதால், பயனைப் பற்றிய வழக்கை இரவு இரண்டு மணிக்கு விசாரிக்காதீர்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் உறக்கமின்மையைப் பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முழு இயலும் முடியட்டும் என்று காத்திராமல், எழுதிய இரண்டு பக்கத்தையே நெறியாளரிடம் காட்டுங்கள். அரைகுறையாக இருக்கிறதே என்ற கூச்சம்தான் பல ஆய்வேடுகளை முடக்குகிறது.

பயனுக்கு வருவோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்தனர். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிந்த ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் தமிழ் அறிந்த கண்ணால்தான் சரியாக மீட்க முடியும். உங்கள் ஆய்வேடு உலகை மாற்றிவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன் (என்னுடையதும் மாற்றவில்லை). ஆனால் பூர்விக ஊர் தெரியாத குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். இந்தச் சனிக்கிழமை மடிக்கணினியை மூடிவிட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய முன்னோரின் கூலி எண் (கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இட்ட பதிவு எண்) நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.