ஒட்டு விட்ட சியெஸ்டாக் கதிரை: வாங்கலாமா, விடலாமா?

ஒஸ்லோவிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இங்மார் ரெல்லிங் வடிவமைத்த சியெஸ்டா என்ற பழைய நொர்வே சாய்மனைக் கதிரைகள் இரண்டு, சோடி 9000 குரோனருக்கு வந்திருக்கின்றன. '1965 அசல், பாலிசாந்தர் (ரோஸ்வுட்) மரம்' என்கிறார் விற்பவர். ஒன்றின் இடப்பக்கச் சட்டத்தில், வளைவு இருக்கும் இடத்தில், தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு தெரிகிறது. கன்வஸ் மஞ்சளித்துவிட்டது. ஒரு கதிரையை ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப ஆசை. ஆனால் இந்த மரத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?"

கோடு எவ்வளவு நீளம் என்பதைவிட எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். சியெஸ்டாவின் சட்டம் ஒரே கட்டையில் அறுத்தெடுத்ததல்ல, நீராவியில் பதமாக்கி வளைத்ததுமல்ல. மெல்லிய பீச் மரத் தகடுகளைப் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சுக்குள் அழுத்தி எடுத்தது. சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தால் அந்தத் தகடுகள் கொப்பி ஒற்றைகள் மாதிரி வரி வரியாகத் தெரியும். நீங்கள் கண்ட கோடு அந்த வரிகளோடு சேர்ந்து, இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஓடினால் பசை மட்டும்தான் விட்டிருக்கிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சனி ஞாயிறில் சரிசெய்துவிடலாம். வரிகளை வெட்டிக்கொண்டு குறுக்கே போனால் மரத்தின் நாரே அறுந்திருக்கிறது. அந்தக் கதிரை இனாமாகக் கிடைத்தாலும் உட்காருவதற்கு எடுக்காதீர்கள்.

படத்தில் இது தெரியாது. நேரில் போங்கள், ஒரு டோர்ச் விளக்கும் ஒரு விசிற்றிங் கார்டும் கொண்டுபோங்கள். விளக்கை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் மறைந்திருக்கும் கோடு நிழல் விழுந்து எழும்பி வரும். பிறகு கூட வந்தவரை மெதுவாக உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் தரையில் குந்தி அந்தக் கோட்டைப் பாருங்கள். அவர் உட்காரும்போது திறந்து, எழும்பும்போது மூடினால் பசை உள்ளேவரை விட்டிருக்கிறது. திறந்திருக்கும்போது கார்டின் முனையைச் செருகிப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியும். சட்டத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் கார்டு போனால், இந்தப் பழுது புதிதல்ல. விற்பவருக்குத் தெரிந்தே இருந்திருக்கலாம்.

அந்தக் கோட்டில் பழுப்பு நிற மெழுகு தேய்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். நகத்தால் கீறினால் சுருண்டு வரும். விற்பதற்கு முதல் நாள் செய்கிற வேலை அது. பிளவை மறைப்பதோடு நிற்பதில்லை, மெழுகு இறங்கிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஐந்து நிமிட ஏமாற்று, நல்ல கதிரையை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. மெழுகைக் கண்டால் வாங்காதீர்கள்.

இனி ஒட்டும் முறை. முதலில் கதிரையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இடமா வலமா, மேலா கீழா என்று மறைப்பு நாடாவில் எழுதி ஒட்டிவிடுங்கள். பூட்டியபடியே ஒட்டினால் சட்டம் ஏற்கெனவே கோணியிருக்கிற நிலையிலேயே இறுகிவிடும். பிளவுக்குள் மெல்லிய கத்தி அலகை விட்டு, உதிர்ந்த பழைய பசைத் தூளைச் சுரண்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஆப்பு அடித்துப் பிளவை அகலமாக்க வேண்டாம். அடுத்த வரியும் விட்டுப்போகும்.

பசை: மெதுவாக இறுகும் எபொக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், குறைந்தது 30 நிமிடமாவது வேலை செய்ய விடுவதாகப் பாருங்கள். தலைமயிர் உலர்த்தியால் மரத்தை இளஞ்சூடாக்கிவிட்டுப் பூசினால் பசை இளகி உள்ளே இறங்கும். பல்லிடுக்கு நூலைப் பிளவுக்குள் விட்டு அரம் இழுப்பதுபோல இங்குமங்கும் இழுத்தால் கடைசி வரை போய்ச் சேரும். பிறகு கிளாம்ப். நேரான கட்டையை வளைவில் வைத்து இறுக்கினால் ஒரே புள்ளியில்தான் அழுத்தும், இரண்டு பக்கமும் வாய் திறந்தே நிற்கும். அதனால் வளைவின் அச்சுக்கு ஏற்றபடி ஒரு கட்டையை அறுத்து, பொலித்தீன் சுற்றி, அதன்மேல் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்காதீர்கள். எபொக்சிக்கு நடுவில் ஒரு மெல்லிய படலம் மிஞ்சவேண்டும், முழுவதையும் பிதுக்கி வெளியேற்றினால் ஒட்டுவதற்கு எதுவும் இருக்காது. கோடு நெடுகிலும் சிறு மணிகளாகப் பசை எட்டிப்பார்த்தால் அளவு சரி. அது ரப்பர் பதத்துக்கு வரும்போது வழிந்ததைச் சீவி எடுங்கள். 20 பாகை வெப்பமுள்ள அறையில் 24 மணிநேரம் விட்டுக் கிளாம்பைக் கழற்றலாம். ஒரு வாரம் யாரையும் உட்கார விடாதீர்கள்.

வெள்ளை மரப்பசை போடவே கூடாது. கடைக்காரர் "மரத்தைவிட உறுதி" என்று சொல்லித்தான் தருவார். நேரான மூட்டுக்கு அது சரி. வளைத்து ஒட்டிய தகடு நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதன்மேல் ஆள் பாரமும் ஏறும். வெள்ளைப்பசை இறுகிய பிறகும் தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நழுவும். சில மாதங்களில் அதே இடம் திறக்கும், அப்போது உள்ளே படிந்திருக்கும் வெள்ளைப்பசை எபொக்சியையும் பிடிக்க விடாது. ஆணி, திருகாணி போடுவது அதைவிட மோசம். ஒரு வரி விட்டிருந்த இடத்தில் மூன்று வரி விடும்.

பசை ஏன் விட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் விடும். அந்தக் காலத்தில் தகடு ஒட்டுவதற்குப் பரவலாகப் பயன்பட்ட யூரியா வகைப் பசை, வயதாக ஆகக் கண்ணாடி மாதிரி நொறுங்கும். நொர்வேயின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று கடுமையாக உலர்ந்துபோகிறது. மரம் சுருங்குகிறது, நொறுங்கும் பசை அதனோடு சேர்ந்து சுருங்காது. சுவரில் பொருத்திய வெப்பத் தகட்டுக்குப் பக்கத்தில் கதிரையை ஒட்டிப் போடுவதுதான் பல பிளவுகளுக்குக் காரணம். ஒரு மீற்றராவது தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது "1965 அசல்". ரெல்லிங் இதை வடிவமைத்த ஆண்டு 1965. உங்கள் கதிரையைச் செய்த ஆண்டு அதுவல்ல. வெஸ்ட்லாண்ட்ஸ்கெ மொபெல்ஃபாப்ரிக் என்ற தொழிற்சாலை இதைப் பல ஆண்டுகள் செய்தது, இன்றும் எல்.கே. யெல்லெ என்ற நிறுவனம் செய்கிறது. வடிவமைத்த ஆண்டைச் செய்த ஆண்டாகச் சொல்லி விலை ஏற்றுவது இந்த வியாபாரத்தில் அன்றாடம் நடக்கிறது. 'வெஸ்ட்நோஃபா' என்ற ஒட்டுத்தாள் இருந்தாலும் அது ஏற்றுமதிப் பெயர், வேறு கதிரைகளிலும் ஒட்டப்பட்டது. ஒட்டுத்தாளை ஒரு கதிரையிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்டவும் முடியும். அதன் ஓரத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் அதே இடத்தில் இருந்ததென்றால் மூலை கிளம்பிய இடத்தில் மரம் வேறு நிறமாக இருக்கும், அழுக்கு ஒரு கோடாகக் கட்டியிருக்கும். தாள் பழசாகவும் அதன் அடியும் சுற்றிலும் ஒரே நிறமாகவும் இருந்தால் நம்பவேண்டாம்.

வளைந்த மரச்சட்டம், கன்வஸ், மேலே தோல் மெத்தை என்றால் எல்லாவற்றுக்கும் சியெஸ்டா என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சிகுர்ட் ரெசல் வட்னெ மொப்ளெர் நிறுவனத்துக்கு வடிவமைத்த ஃபால்கன், ஒட் க்னுட்சனின் லூனா, எல்சாவும் நோர்டாலும் என்ற சோல்ஹெய்ம் தம்பதியின் கெங்கு எல்லாமே 1970களின் நொர்வேக் கதிரைகள், எல்லாமே நல்ல கதிரைகள். ஆனால் அவற்றின் விலை வேறு. பழைய விற்பனைப் பட்டியல் படம் ஒன்றைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, பக்கத்தோற்றத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முதியவர் ஒருவர் இறந்தால் வீட்டைக் காலிசெய்து தருகிறோம் என்று வந்து, அள்ளிக்கொண்டு போன பொருளை மறுவாரமே "பாட்டியின் வீட்டிலிருந்து" என்று தனிநபர் போல விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நொர்வேயில் வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம். பழுதைப் பற்றி முறையிட 2 ஆண்டு, நெடுங்காலம் உழைக்கவேண்டிய பொருளென்றால் 5 ஆண்டு. தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. எனவே விற்பவரின் மற்ற விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். ஒரே ஆளிடம் பதினைந்து கதிரை இருந்தால் அவர் வியாபாரி. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏலக் குறிப்புகளில் 'தில்ஸ்க்ரேவெத்' என்றிருந்தால் இன்னார் செய்ததாகக் கருதப்படுகிறது என்று பொருள், அவ்வளவுதான். பெயரைப் பெரிய எழுத்திலும் இந்தச் சொல்லைச் சிறிய எழுத்திலும் போடும் வழக்கத்தை யாரும் தட்டிக்கேட்பதில்லை.

கடைசியாக மரம். பாலிசாந்தர் என்று விற்கப்படும் சியெஸ்டாக்களில் பெரும்பாலானவை அந்தச் சாயம் ஏற்றிய பீச். திருகாணியைக் கழற்றித் துவாரத்தின் உட்சுவரைப் பாருங்கள். வெளுத்த மரமும், அதில் எள்ளு தூவியதுபோல் சின்னச் சின்னப் பழுப்புக் கீற்றுகளும் தெரிந்தால் பீச். சட்டத்தின் ஓர வரிகள் எல்லாம் வெளிறி, ஆக மேல் வரி மட்டும் அடிவரை கறுத்திருந்தால் அது உண்மையான பாலிசாந்தர் வெனியராக, அதாவது மேலே ஒட்டிய மெல்லிய தகடாக, இருக்கலாம். பீச் என்றால் ரொறன்ரோவுக்கு அனுப்பத் தடையே இல்லை.

உண்மையான வெனியர் என்றால் நின்று யோசியுங்கள். பிரேசில் ரோஸ்வுட், அதாவது டல்பேர்ஜியா நைக்ரா, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாவது பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. "10 கிலோவுக்குக் குறைந்தால் அனுமதி வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை 2019இல் வந்தது உண்மை. அது இரண்டாவது பட்டியலில் உள்ள மற்ற டல்பேர்ஜியா மரங்களுக்கு, செய்து முடித்த பொருளுக்கு, ஒரு பொதிக்கு. கணக்கில் வருவதும் கதிரையின் எடையல்ல, அதிலிருக்கும் அந்த மரத்தின் எடை. இரண்டாவது பட்டியல் மரமென்றால் வெனியர் 10 கிலோவைத் தொடவே தொடாது, கவலையில்லை. நைக்ராவுக்கு இந்தச் சலுகை கிடையாது, 100 கிராம் என்றாலும் கிடையாது. அதற்கு 1992க்கு முன்னரே உடன்படிக்கைக்கு வெளியில் இருந்த பொருள் என்று மில்யோதிரெக்டொராத் என்ற நொர்வே சுற்றாடல் திணைக்களத்திடம் சான்றிதழ் கேட்கவேண்டும். கனடாப் பக்கத்து விதியையும் அனுப்புவதற்கு முன் கனடா அதிகாரிகளிடமே கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் மரத்தின் லத்தீன் பெயரை எழுதச் சொல்கிறார்கள். நைக்ராவையும் மற்ற ரோஸ்வுட்டையும் நுணுக்குக்காட்டி இல்லாமல் பிரித்தறிவது நிபுணருக்கே கடினம், ஒரு கதிரை வைத்திருக்கும் குடும்பம் எப்படி எழுதும்? மரத்தைக் காப்பாற்றுகிற சட்டம் தேவைதான். அதைச் சாதாரண மனிதர் கடைப்பிடிக்கக்கூடியதாக எழுதியிருக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பீச் கதிரைக்கு வியாபாரி அழகுக்காகப் 'பாலிசாந்தர்' என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவார். சுங்கத்தில் பொதியைத் திறப்பவர் படிப்பது அந்தச் சொல்லைத்தான். பீச் என்று உறுதியானால் பற்றுச்சீட்டில் 'பைசெத் பொக்', அதாவது சாயமேற்றிய பீச், என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். அப்படி எழுதித்தருபவர், பாலிசாந்தர் விலை கேட்டது தவறு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. விலையைக் குறைக்க அதுவே போதும்.

கன்வஸ் மஞ்சளிப்பது பெரிய விஷயமல்ல. தையல் ஓரத்தை விரல் முட்டியால் அழுத்துங்கள், நூல் பொட்டுப் பொட்டென்று விட்டால் புதிது தைக்கவேண்டும். பழையதைப் பிரித்து அதையே அளவாக வையுங்கள், ஆனால் தொய்ந்த நீளத்தைக் கழித்து வெட்டுங்கள். கனத்த பருத்திக் கன்வஸ், பொலியெஸ்டர் நூல். மெத்தையைக் கிள்ளினால் மணல் மாதிரி நெறுநெறுத்தால் உள்ளிருக்கும் ஸ்பொஞ்ச் மக்கிவிட்டது. தோலை மாற்றாமல் உள்ளீட்டை மட்டும் மாற்றுங்கள்.

கோடு வரிகளோடு ஓடுகிறது, மெழுகு இல்லை, மரம் பீச் என்றால் இரண்டையும் எடுங்கள். ஒட்டு வேலைக்கும் பாலிசாந்தர் என்ற பேச்சுக்கும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். "பிளவு, ஒட்டுவேலை ஏதும் உண்டா?" என்று குறுஞ்செய்தியில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். ஒட்டிய கதிரையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பழுதில்லாததை அக்காவுக்கு அனுப்புங்கள். கழற்றி, ஒவ்வொரு துண்டையும் பழைய போர்வையில் சுற்றி, திருகாணிகளை ஒரு சிறு பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் படலத்தை நேரே மரத்தின்மேல் சுற்றவேண்டாம். கடல்வழியில் உள்ளே ஈரம் வேர்த்து, நல்ல ஒட்டையும் விடவைக்கும்.