ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய வேலை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பெரும்பாலானது பிளஸ் டூ பிள்ளைங்க இருக்குற வீட்ல இருந்து தான். அதனால இந்த இதழ் பக்கம் முழுக்க அவங்களுக்கே.

பையன் அரசு பள்ளியில பிளஸ் டூ. நாங்க ரெண்டு பேருமே பத்தாவது தாண்டல. எல்லாம் ரிசல்ட் வந்ததும் பாத்துக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். இப்பவே ஏதாச்சும் செய்யணுமா?
– ஒரு அம்மா, செய்யாறு

இப்பவே செய்யணும்மா, தள்ளிப் போடாதீங்க. நான் வாத்தியாரா இருந்த காலம் முழுக்க பாத்ததுல மார்க் பத்தாம சீட் போன பிள்ளைங்கள விட ஒரு சான்றிதழ் கையில இல்லாம, கடைசி தேதி தெரியாம சீட்டை விட்ட பிள்ளைங்கள நினைச்சா தான் எனக்கு இன்னைக்கும் ஆறல. மே மாசம் ரிசல்ட் வந்ததும் ஊரே இ-சேவை மையத்துல நிக்கும், சர்வர் இழுக்கும், வி.ஏ.ஓ. பக்கத்து ஊருக்கும் சேத்து பொறுப்பா இருப்பார், அங்க இருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு போய் வர்றதுக்குள்ள விண்ணப்பத்துக்கு கடைசி தேதி வந்துரும்.

முதல்ல சாதி சான்றிதழ எடுத்து பத்தாவது மார்க் ஷீட், ஆதார் ரெண்டையும் பக்கத்துல வச்சு பேரு, இனிஷியல், அப்பா பேருன்னு எழுத்து எழுத்தா பாருங்க. எங்கயாச்சும் மாறி இருந்தா இப்பவே திருத்த குடுத்துடுங்க. உங்க வீட்ல தாத்தா பாட்டில இருந்து கூடப் பொறந்தவங்க வரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழுக்கு போடுங்க, இன்ஜினியரிங் மாதிரி படிப்புல டியூஷன் ஃபீஸ் சலுகை அத வச்சு தான். வருமான சான்றிதழ் ஒரு வருஷம் தான் செல்லும், அத ஏப்ரல் வாக்குல எடுத்துக்கலாம். பையன் என்.ஐ.டி., ஐ.ஐ.டி. பக்கம் போற எண்ணத்துல இருந்து நீங்க பி.சி., எம்.பி.சி.யா இருந்தீங்கன்னா மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனி, அது அந்த வருஷம் ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும்.

முக்கியமானது இது தான், கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் முழுக்க அரசு பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. 2020ல மருத்துவத்துக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு விரிஞ்சுது. அதுல சீட் கிடைச்சா படிப்பு செலவையும் ஹாஸ்டல் செலவையும் அரசாங்கமே ஏத்துக்குது. ஆனா நடுவுல ஒரு வருஷம் அரசு உதவி பெறும் பள்ளியில படிச்சிருந்தா கூட இது கிடைக்காது, நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. பையன் படிச்ச எல்லா ஸ்கூலும் எமிஸ்ல, அதாவது பள்ளிக்கல்வித் துறையோட மாணவர் பதிவுத் தளத்துல, சரியா பதிவாகி இருக்கான்னு ஹெச்.எம். கிட்ட கேளுங்க. பரீட்சை நேரத்துல பையன இதுக்கு அலைய விடாதீங்க, இது உங்க ரெண்டு பேரோட வேலை.

எனக்கு கட்-ஆஃப் 160 பக்கம் வரும்னு சார் சொல்றார். பிரண்ட்ஸ் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் தான்னு முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு பிசிக்ஸ் பிடிக்கும், எலக்ட்ரிக்கல் எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். எல்லாரும் வேண்டாங்கறாங்க.
– பிளஸ் டூ மாணவன், ஆத்தூர்

தம்பி, தாராளமா எடு. எலக்ட்ரிக்கல் படிச்சவனுக்கு மின்வாரியம், சோலார், எலக்ட்ரிக் வண்டி கம்பெனி, ஃபேக்டரின்னு போற வழி நிறைய இருக்கு, சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்களும் அந்த பிரான்ச் பிள்ளைங்கள எடுக்கறாங்க. பிடிக்காத பாடத்த நாலு வருஷம் இழுத்து அரியர் வச்சுக்கறது தான் பெரிய நஷ்டம்.

கட்-ஆஃப் எப்படி வருதுன்னு நீயே போட்டு பாத்துக்கணும். மேத்ஸ் அப்படியே 100க்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ரெண்டும் பாதி பாதி, மொத்தம் 200. மேத்ஸ்ல 84, பிசிக்ஸ்ல 78, கெமிஸ்ட்ரில 80 வாங்கினா 84, 39, 40, கூட்டினா 163. மேத்ஸ்ல ஒரு மார்க் கூடினா கட்-ஆஃப் ஒண்ணு கூடும், மத்ததுல அரை தான் கூடும். மிச்சம் இருக்குற நாள்ல எதுக்கு எவ்வளவு நேரம்னு முடிவு பண்றப்போ இத மனசுல வை.

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்ல உனக்கு வேணும்ங்கற காலேஜையும் பிரான்சையும் வரிசையா போடறது. இங்க தான் பிள்ளைங்க கோட்டை விடறாங்க. கவுன்சிலிங் தளத்துலயே முந்தின வருஷம் எந்த காலேஜ்ல எந்த பிரான்ச், எந்த பிரிவுக்கு எந்த கட்-ஆஃப்ல முடிஞ்சுதுன்னு இருக்கும். அத பாத்து ஒரு நோட்டுல உனக்கு மேல இருக்குற காலேஜ், சமமா இருக்குறது, கீழ இருக்குறதுன்னு இப்பவே எழுத ஆரம்பி. லிஸ்ட்ல நீ போடற வரிசை தான் கணக்கு, மேல இருந்து கீழ பாத்துட்டு வந்து எது முதல்ல காலியா இருக்கோ அது உனக்கு. அதனால கிடைக்காதுன்னு பயந்து பிடிச்ச காலேஜ கீழ போடக் கூடாது, மேல போடறதால உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. பத்து காலேஜ் போட்டுட்டு நிறுத்தவும் கூடாது, நிறைய போடு, ஆனா சேர மாட்டேன்னு தெரிஞ்ச காலேஜ ஒண்ணு கூட போடாத.

சேலம், பர்கூர், தர்மபுரி அரசு இன்ஜினியரிங் காலேஜ்ங்க உனக்கு பக்கம் தானே, அந்த மூணையும் முந்தின வருஷ லிஸ்ட்ல உன் பிரிவுக்கு நேரா தேடிப் பாரு. தனியார் காலேஜ்னா விளம்பரத்த நம்பி போடாத, ஒரு நாள் நேர்ல போய் கேட்ல நிக்கிற மூணாம் வருஷ பசங்க கிட்ட லேப் நடக்குதா, கம்பெனி வருதா, எந்த பிரான்சுக்கு வருதுன்னு கேளு. ஒதுக்கீடு வந்ததும் ஏத்துக்கிட்டு சேர்றதா, ஏத்துக்கிட்டு மேல இருக்குறதுக்கு காத்திருக்கறதான்னு கேப்பாங்க, அதுக்கு ரெண்டு நாள் மாதிரி தான் டைம், அந்த நாள்ல போன் கைல இருக்கணும், திருவிழாவுக்கு ஊருக்கு போயிடாத. வீட்ல நெட் இல்லன்னா உங்க மாவட்டத்துல இருக்குற இன்ஜினியரிங் கவுன்சிலிங் சேவை மையத்துலயே பதிவு பண்ணித் தருவாங்க, பிரவுசிங் சென்டர்ல யாரோ ஒருத்தர்கிட்ட பாஸ்வேர்ட குடுக்காத.

ஒரு தனியார் காலேஜ் ஆளு வீட்டுக்கே வந்து இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி, இல்லன்னா போயிடும்ங்கறார். பின்னாடி கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் கிடைச்சா பணம் திரும்ப வருமா?
– ஒரு அப்பா, மணப்பாறை

ஐயா, கட்டாதீங்க. பரீட்சையே எழுதாத பிள்ளைக்கு எந்த சீட்டும் போயிடாது. பெரும்பாலான தனியார் காலேஜ்ல மே, ஜூன்ல கூட மேனேஜ்மெண்ட் சீட், அதாவது கவுன்சிலிங் இல்லாம காலேஜே நேரா குடுக்கற சீட், இருக்கத் தான் செய்யுது. ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா ரசீத பத்திரமா வைங்க, காலேஜ் பேர்ல சீல் போட்ட ரசீதா பாருங்க, அந்த ஆளோட ஜிபே நம்பருக்கு போன பணத்துக்கு பின்னாடி யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. சேந்துட்டு விலகினா ஃபீஸ திருப்பித் தரணும்னு காலேஜ்களுக்கு விதி போடற மத்திய அமைப்புங்க ஏ.ஐ.சி.டி.இ., யு.ஜி.சி. ரெண்டுமே விதி வச்சிருக்கு. சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு முன்னாடியே எழுத்துல சொல்லிட்டீங்கன்னா சின்ன தொகை தான் பிடிக்கலாம். ஒரிஜினல் சான்றிதழ வாங்கி பூட்டி வச்சுக்கவும் அவங்களுக்கு உரிமை கிடையாது, சரி பாத்துட்டு திருப்பிக் குடுக்கணும். விலகறதா இருந்தா வாயால சொல்லாதீங்க, ஈமெயிலும் பதிவுத் தபாலும் போடுங்க.

தமிழ் மீடியம், அரசு பள்ளி. எனக்கு மேத்ஸ் டீச்சர் ஆகணும். காலேஜ்ல எல்லாம் இங்கிலீஷ்னு சொல்றாங்க, பயமா இருக்கு. வீட்லயும் செலவு ஆகும்னு தயங்கறாங்க.
– மாணவி, திருத்துறைப்பூண்டி

கண்ணு, உன் ஆசைய யாருக்காகவும் விட்டுடாத. செலவு பத்தி வீட்ல இத படிச்சு காட்டு: அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. மேத்ஸ் படிக்க வருஷத்துக்கு சில ஆயிரம் தான் ஆகும். விண்ணப்பம் எல்லா அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரே தளத்துல ஆன்லைன்ல தான், மே மாசம் திறப்பாங்க. தமிழும் இங்கிலீஷும் தவிர மிச்சம் நாலு பாடத்தோட 400 மார்க் வச்சு தான் மேத்ஸ்க்கு ரேங்க் போடுவாங்க. சேந்ததும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா உன் பேர்ல வரும், 2022ல இருந்து குடுக்கறாங்க. அதுக்கு உன் பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருக்கணும், ஆதார் அதோட இணைஞ்சு இருக்கணும், இத இந்த மாசமே முடிச்சுடு. தம்பி இருந்தா அவனுக்கும் சொல்லு, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு 2024ல இருந்து அதே தொகை வருது.

இங்கிலீஷ் பயம் நியாயமானது தான், ஆனா மேத்ஸ்ல அது சீக்கிரம் போயிடும். பரீட்சை முடிஞ்ச அன்னைல இருந்து காலேஜ் திறக்குற வரைக்கும் ரெண்டு மாசத்துக்கு மேல கிடைக்கும். உங்க பிளஸ் ஒன், பிளஸ் டூ மேத்ஸ் புக்கோட இங்கிலீஷ் மீடியம் பதிப்ப அரசு தளத்துல இலவசமா இறக்கிக்கலாம். உனக்கு தெரிஞ்ச அதே கணக்க தினமும் ரெண்டு பக்கம் இங்கிலீஷ்ல வாசி, சார்பு, அணி, வகைக்கெழுவுக்கெல்லாம் இங்கிலீஷ்ல என்ன பேருன்னு ஒரு நோட்டுல எழுதிக்கோ. முதல் செமஸ்டர்ல கிளாஸ்ல புரியலன்னா கையத் தூக்கி தமிழ்ல கேளு, அங்க உக்காந்திருக்கறதுல பாதி பேரு உன்ன மாதிரி தான். பி.எஸ்சி. முடிச்சு பி.எட்., கூடவே எம்.எஸ்சி.யும் முடிச்சா மேல்நிலை வகுப்புக்கே டீச்சரா வரலாம்.

ஒருவேளை கெமிஸ்ட்ரில ஃபெயில் ஆயிட்டா என்ன பண்றதுன்னு ராத்திரி தூக்கம் வரல. வீட்ல சொல்ல முடியல.
– பெயர் வேண்டாம், விருதுநகர்

இத எழுதி அனுப்பினது ரொம்ப நல்லது. அப்படியே ஆனாலும் ஒரு வருஷம் போகாது. ரிசல்ட் வந்து ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல துணைத் தேர்வு வெச்சுடுவாங்க, ஸ்கூல் மூலமாவே விண்ணப்பிக்கலாம், பாஸ் பண்ணா அதே வருஷம் காலேஜ், இன்ஜினியரிங்க்கு கூட துணைக் கலந்தாய்வு தனியா இருக்கு. விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்டாலும் அந்த முடிவு வரட்டும்னு துணைத் தேர்வுக்கு போடாம இருந்துடக் கூடாது. இப்போதைக்கு கெமிஸ்ட்ரில உனக்கு ஓரளவு வர்ற நாலு பாடத்த மட்டும் எடுத்து பழைய கேள்வித்தாள்ல அதுல வந்த ரெண்டு மார்க், மூணு மார்க் கேள்விய எழுதிப் பாரு, பாஸ் பண்ண அது நல்லா கை குடுக்கும். ராத்திரில மனசு தாங்கலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணு, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நாளைக்கு ஸ்கூல்ல உனக்கு பிடிச்ச ஒரு டீச்சர்கிட்டயும் இதையே சொல்லு, வீட்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னு அவங்க கூட நின்னு சொல்லித் தருவாங்க.