எந்தப் பேரேட்டை வைத்துக்கொள்வது?

அன்புள்ள சார்,
காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்கிறோம். பாட்டையா பர்மாவில் லேவாதேவி செய்த காலத்துக் கணக்குகள் இரண்டு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள நாலைந்தை ஸ்கேன் செய்துகொண்டு மற்றதைக் கழித்துவிடலாமா? எந்த ஆப் நல்லது? விவசாயிகளின் நிலத்தை எழுதி வாங்கிய கணக்கும் இருக்கிறது. அதை வெளியே காட்ட வேண்டாம் என்கிறார் பெரியப்பச்சி.
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

1930களின் பர்மாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. ஆப் எதுவானாலும் சரி, அதை விடுங்கள். பெட்டியைக் கலைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் தொடாதீர்கள். எந்தப் பெட்டியில் எதற்குப் பக்கத்தில் எது இருந்தது, அட்டையில் என்ன விலாசம், எந்த ஊர்க் கடை, எந்த வருஷம் என்று செல்லரித்ததையும் சேர்த்து முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். படமெல்லாம் அப்புறம். குறிப்பு என்கிற நாள்கணக்கு ஏட்டில் அன்றன்று எழுதியதைத்தான் பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிந்திருப்பார்கள், ஒன்றைத் தூக்கிப் போட்டால் மற்றதற்குப் பாதி உயிர் போய்விடும். அழகான நாலு ஏட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், வரவேற்பறையில் மாட்டவா?

மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் மாமா போனபின் அவருடைய கணக்கு நோட்டுகள் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. கடை போர்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யாரிடம் சரக்கெடுத்தார், யாரால் நொடித்தார் என்று கேட்டால் சொல்ல இன்று ஆளும் இல்லை, ஏடும் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உங்கள் பெரியப்பச்சி சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் லேவாதேவி செய்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938 வாக்கில் 25. நெல் விலை விழுந்தது, வட்டி நின்றது, அடமான நிலம் கைமாறியது. அரசாங்கப் புள்ளிவிவரம் அதோடு நின்றுவிடுகிறது. ஒரு விவசாயிக்கு எத்தனை தவணை கொடுத்தார்கள், வட்டியில் எவ்வளவு தள்ளினார்கள் அல்லது தள்ளவே இல்லையா, எழுதி வாங்கிய நிலத்தை அவருக்கே குத்தகைக்கு விட்டார்களா என்பதெல்லாம் கணக்கில்தான் இருக்கும். நிலத்தைப் பிடுங்கினார்கள் என்பவர்களும், வேண்டாமலே தலையில் வந்து விழுந்தது என்பவர்களும் இந்தக் கணக்குகளைப் பார்க்காமலே சண்டை போடுகிறார்கள். அந்த விவசாயியின் பேரனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் இருக்கலாம். அவர் தாத்தாவின் பெயர் உங்கள் பெட்டியில் இருக்கிறது தம்பி, அதை மறைக்க உங்களுக்கு என்ன உரிமை?

1942ல் ஜப்பான் படை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் எத்தனை ஏட்டைச் சுமந்திருக்க முடியும்? ஊர் வந்து சேர்ந்த ஏடுகள்தான் இன்று மிஞ்சியிருப்பவை. 1993ன் பொது ஆவணச் சட்டம் அரசு சார்ந்த ஆவணங்களுக்குத்தான், உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அது காவல் இல்லை. உங்களுக்குப் பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் சேர்த்தார். சென்னையில் அவர் பெயரில் நூலகம் இருப்பது அதனால்தான்.

பாகப் பத்திரத்தில் இந்த இரண்டு பெட்டிகளையும் பங்கு போடக் கூடாது, ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பெரியப்பச்சியிடம் நான் பேச வேண்டுமானாலும் பேசுகிறேன். பட்டியலை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.