துப்பாக்கித் தடையாணை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர் துப்பாக்கி வைத்திருப்பதையும் வாங்குவதையும் குறிப்பிட்ட காலத்துக்குத் தடுக்கும் அமெரிக்க நீதிமன்ற ஆணை இது.

கேள்வி: அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர் தம் துப்பாக்கியைச் சொல்லியே மிரட்டுகிறார். நானே மனுச் செய்யலாமா? (கலிஃபோர்னியா)

பதில்: செய்யலாம், ஆனால் குறைந்தது ஓராண்டாவது அவருடன் தொடர்ந்து பழகியிருக்க வேண்டும், நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். மிரட்டல்களைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் 911-ஐ அழையுங்கள். காவல்துறை எந்நேரத்திலும் நீதிபதியிடம் அவசர ஆணை பெற முடியும்.

கேள்வி: டெக்சஸில் இதற்கு எந்தப் படிவம்?

பதில்: எந்தப் படிவமும் இல்லை. இந்த ஆணைக்கு வழிசெய்யும் 'ரெட் ஃபிளாக்' சட்டம் ஏறத்தாழ 20 மாநிலங்களில்தான் உண்டு, டெக்சஸில் இல்லை என்று சென்ற முறையும் எழுதினேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வேலை இழந்த மகன், 'நான் இருந்து என்ன பயன்?' என்கிறான். துப்பாக்கிப் பெட்டியின் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். மனுப் போட்டால் அவன்மேல் கேஸ் ஆகிவிடாதா? (சான் ஹோசே)

பதில்: ஆகாது, அம்மா. இது குற்ற வழக்கு அன்று, சிவில் ஆணை. அதை மீறினால்தான் குற்றம். 'கேஸ்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, உறவினருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று நம் குடும்பங்கள் நாள் கடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கூட்டத்தில் புகுந்து சுடுபவர்களுக்காக மட்டுமே வந்த சட்டம் என்று நினைப்பது பெரும் தவறு. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 1999-இலேயே இத்தகைய சட்டம் இயற்றிய கனெக்டிகட்டில், 10 முதல் 20 பறிமுதல்களுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

சாவியை ஒளித்தது சரியே, ஆனால் அது இன்றிரவுக்குத்தான் காவல். உங்கள் மகன் இன்னொரு துப்பாக்கி வாங்க நினைத்தால் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். ஆணை இருந்தால் வாங்கவும் முடியாது, இருப்பதையும் 24 மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும். மனுவுக்குக் கட்டணம் இல்லை. தற்காலிக ஆணை மூன்று வாரம் வரை நிற்கும். பிறகு நடக்கும் விசாரணையில் அவரும் தம் தரப்பைச் சொல்லலாம், நீதிபதி ஏற்றால் 1 முதல் 5 ஆண்டு வரை நீளும். 'ஒரு மாதிரி இருக்கிறான்' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். இன்றே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐயும் அழைத்துப் பேசுங்கள்.

கேள்வி: 2024-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ரத்து செய்துவிட்டதாமே?

பதில்: இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது ரஹீமி என்பவரின் வழக்கு. அது குடும்ப வன்முறைத் தடையாணை தொடர்பானது. அத்தகைய தடையாணையின்கீழ் உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டரசுச் சட்டத்தை 8-க்கு 1 என்ற கணக்கில் நீதிபதிகள் நிலைநிறுத்தினார்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் செய்தி பரப்பாதீர்கள்.

கேள்வி: சொத்துத் தகராறில் இருக்கும் அண்ணன்மேல் மனுப் போட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. பொய்யென்று தெரிந்தே மனுச் செய்வது கலிஃபோர்னியாவில் தண்டனைக்குரிய குற்றம்.