நடுவில் நிற்பவன் கோழையா?

கேள்வி: எனக்கு 24 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போவார். பெரியப்பா கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் ‘தெரியவில்லை’ என்பேன். “உண்டுன்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு. நடுவுல நிக்கிறவன் கோழை” என்கிறார் பெரியப்பா. நான் நாத்திகனா, அக்னாஸ்டிக்கா?

பதில்: தம்பி, நீங்கள் நடுவில் நிற்கவே இல்லை. கடவுளை நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி; நம்பவில்லை என்பவர் நாத்திகர். கடவுள் உண்டா இல்லையா என்று நம்மால் அறிய முடியுமா என்பது வேறு கேள்வி. முடியாது என்பவர் அக்னாஸ்டிக். 1869-ல் அந்தப் பெயரை உருவாக்கிய தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பிஷப்போடு நேருக்கு நேர் மோதிய விஞ்ஞானி. சான்று இல்லாததைத் தெரிந்ததுபோல் பேசக் கூடாது என்பதில் பிடிவாதமானவர். அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம். தத்துவ அறிஞர்கள் முன்னால் தன்னை அக்னாஸ்டிக் என்றும், சாதாரண மக்களிடம் நாத்திகன் என்றும் சொல்வதே சரி என்று 1947-ல் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் விளக்கினார். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியாதுதான். ஹோமர் பாடிய கிரேக்கத் தெய்வங்கள் இல்லை என்றும்தான் நிரூபிக்க முடியாது என்பது அவர் வாதம். அறிய முடியாது என்றபடியே மனதாரக் கும்பிடுகிறவர்களும் உண்டு. கைகூப்பும்போது, கேட்க ஒருவர் இருப்பதாக உங்கள் மனம் நம்புகிறதா? இல்லை என்றால் நீங்கள் அக்னாஸ்டிக், நாத்திகரும்கூட.

பெரியப்பாவின் கோபத்தை நான் மதிக்கிறேன். பெரியார் கடவுளை மறுத்தது வெறும் தத்துவ விசாரணை அல்ல. சாதிக்கும் பெண்ணடிமைக்கும் கடவுளின் பெயரால் நியாயம் சொன்னார்களே, அதற்கு எதிரான போர் அது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்தது அந்தப் போரின் பலன். உங்கள் ‘தெரியவில்லை’ அதையெல்லாம் கைகழுவுவதுபோல் அவர் காதில் விழுகிறது. சாதி விஷயத்தில் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று அவரிடம் உடைத்துப் பேசுங்கள். அவரோடு பேச்சை முடிப்பதற்காக மட்டும் ‘தெரியவில்லை’ என்றால், அது கோழைத்தனம்தான்.

அம்மா கூப்பிட்டால் கோயிலுக்குத் துணைக்குப் போங்கள். குங்குமம் வைத்தால் நெற்றியைக் காட்டுங்கள். “வேண்டிக்கிட்டியா?” என்று அவர் கேட்டால் மட்டும், வேண்டிக்கொண்டதாகப் பொய் சொல்லாதீர்கள்.